குடும்பக் கார் மைலேஜ்: நோக்கும் போக்கும்

இக்கட்டுரை தொல்காப்பியத்தில் தொடங்கவில்லை. தமிழில் எதைப் பற்றி ஆய்வு செய்தாலும் முதல் ஐந்து பக்கம் தொல்காப்பியர் முன் கைகட்டி நின்றுவிட்டுத்தான் மேலே போகவேண்டும் என்பது முனைவர் பட்ட உலகின் எழுதாச் சட்டம். தொல்காப்பியர் பெட்ரோல் போட்டதற்குச் சான்றில்லை. அந்தச் சான்றில்லாமையையே சான்றாக்கி, "எனவே அக்காலத்தில் எரிபொருள் தட்டுப்பாடு நிலவியமை துணியப்படும்" என்று எழுதும் வல்லமை துறைத்தலைவர்களுக்கே வாய்க்கும். நான் நேராகப் பங்குக்குப் போகிறேன். ('பல்க்கு' என்றும் பாடம்.)

ஆய்வுப் பொருள் இது: விருதுநகர் மாவட்டத்தில் குடும்பத்துக்கென்று கார் வைத்திருப்போர் பெட்ரோலை எப்படி நிரப்புகிறார்கள், நிரப்பியது எவ்வளவு தூரம் ஓடியதென்று யாரிடம் எப்படிச் சொல்கிறார்கள். ஓடிய தூரம் சின்னச் செய்தி. சொன்ன தூரந்தான் ஆய்வுக்குரியது.

களம்

ஏன் இந்தக் களத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விதான் கேட்பார்கள், அடுத்தது சாப்பாடு. ஆகவே விடையைத் தயாராக வைத்திருக்கிறேன்.

விருதுநகர் விளைவிக்கும் ஊர் என்பதைவிட விலை வைக்கும் ஊர். வத்தல், துவரம்பருப்பு, உளுந்து எல்லாம் மூட்டைக் கணக்கில், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், பாமாயில் எல்லாம் டின் கணக்கில் இங்கே விலை பேசப்பட்டு, 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பத்திரிகையில் வரும். வெளியூர் மளிகைக்கடை அண்ணாச்சிகளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சரக்குப் பிடிப்பார்கள். இத்தனை எண்ணெய்க்கும் வாய்திறந்து விலை சொல்லும் ஊர், பெட்ரோல் என்ற ஒரே ஓர் எண்ணெய்க்கு மட்டும் காலை 6 மணிக்கு வேறு யாரோ சொன்ன விலையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. இந்த அவமானத்தை எந்தப் பொருளியல் அறிஞரும் இதுவரை தொட்டதாகத் தெரியவில்லை.

சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி சிவகாசி. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்துச் சரக்கு. பெரிய பட்டாசு ஆலைக்கும் பெட்ரோல் பங்குக்கும் உரிமம் தருவது ஒரே துறை. முன்னதற்கு 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், பின்னதற்கு 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம். இரண்டையும் கவனிப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சிவகாசியிலேயே அதற்கு அலுவலகம் உண்டு. ஆக, ஆலையில் வேலை முடிந்து, பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் சிவகாசிக்காரர் துறை மாறாமல் வாழ்கிறார். பேராசிரியர்களுக்கே அரிதான பேறு இது.

இரு இடங்களிலும் எச்சரிக்கைப் பலகை உண்டு. ஆலையில் அதற்கு உயிர்ப்பயம் காவல். பங்கிலோ 'செல்போன் பயன்படுத்தாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழே, செல்போனை நீட்டிப் பணம் கட்டவேண்டிய கட்டம்போட்ட சதுரம் ஒட்டியிருக்கிறது. மூலத்துக்கும் உரைக்கும் முரண் வந்தால் உரையைப் பின்பற்றுவதே நம் மரபு என்பதால் அனைவரும் செல்போனை நீட்டுகிறார்கள்.

முன்னாய்வுகள்

இத்துறையில் முன்னோடிகள் இருவர். ஒருவர் புனேயில் இருக்கிறார், மற்றவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்.

புனேயில் இருப்பது ஏஆர்ஏஐ எனப்படும் வாகன ஆராய்ச்சிக் கழகம், 1966-இல் ஏற்பட்டது. கார் விளம்பரத்தின் காலடியில் பொடி எழுத்தில் 'லிட்டருக்கு இத்தனை' என்று ஓர் எண் வருகிறதே, அது இத்தகைய கூடங்களில் பிறப்பது. பல்லாண்டாக இருந்துவரும் முறைப்படி, கார் அங்கே சாலையில் ஓடாது. உருளைகளின் மேல் சக்கரம் சுற்ற, நின்ற இடத்திலேயே ஓடும். மொத்தம் 1,180 விநாடி. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏ.சி. கிடையாது.

அந்த 1,180 விநாடிக்குள் ஷேர் ஆட்டோ குறுக்கே வராது. பட்டாசுப் பண்டல் ஏற்றிய மினி லாரி முன்னால் ஊர்ந்து போகாது. பின் சீட்டில் ஏறிய அத்தை, ஒயர்கூடையை மறந்துவிட்டு வந்தேன் என்று இறங்கிப்போய்த் திரும்ப ஏறமாட்டார். மேம்பாலம் வருமுன் சாட்சியாபுரம் ரயில்வே கேட் சாத்திக் கிடந்த நேரத்தில் புனேக்காரர்கள் இந்தச் சோதனையைத் தொடங்கி முடித்து அறிக்கையும் எழுதியிருக்கலாம். சிவகாசிக் கார் ஓரடி நகர்ந்திருக்காது. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நின்றால் சின்னக் காரே மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடக் குடிக்கும். ஓடிய தூரம் சுழியம். சுழியத்தை எந்த லிட்டரால் வகுத்தாலும் சுழியமே என்பதால், இந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பது நாகரிகம் அன்று என்பது இரண்டாம் முன்னோடியின் துணிபு.

அவர்தான் மாமா. "தொண்ணூறுல புடிச்சாலும் இருபத்திரண்டுக்குக் குறையல மாப்ள" (மாமா, வாய்மொழி). இத்துறையின் மூலநூல் இவ்வளவே. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 80-இல் போனவர் 100-ஐத் தொட்டால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும் என்கிறது இயற்பியல். இது மதுரை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலைக்கும் பொருந்தும். மாமாவுக்குப் பொருந்தாது (மேற்படி மாமா, மேற்படி இடம்).

நிரப்புவோர் வகை

காரை ஆட்டுவோர்: ஆட்டுகிறார்கள்.

ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டுவோர்: இவர்களைப் பேட்டி காண இயலவில்லை, வழியில் நின்றுவிட்டார்கள்.

முழு டேங்க்கார்: இவர்கள் சொல்வது ஒன்று, நிரப்புவது வேறு. நாசிலின் நுனியில் சின்னத் துளை ஒன்று உண்டு. பெட்ரோல் மட்டம் ஏறி அதை மூடியதும் உள்ளே காற்றிழுப்பு மாறி, பிடி தானாக விடுபடும். அதுதான் 'ஆட்டோ கட்'. பொறியாளர் அத்துடன் முடித்துவிட்டார். நம்மவர் அங்கேதான் தொடங்குகிறார்: "இன்னும் போகும்ணே, மெதுவா விடுங்க." பிறகு "ரவுண்டு பண்ணிருங்க." இப்படிக் கழுத்து வரை ஊற்றினால், ஆவியைப் பிடித்துவைக்க இருக்கும் கரிக்குடுவைக்குள் பெட்ரோலே போய்ச்சேர வாய்ப்புண்டு. அதைப் பற்றிக் கவலையில்லை, தொகை முழுசாக வந்துவிட்டது.

510 ரூபாயர்: 500, 1,000 என்று முழுத்தொகைக்குப் போட்டால் இயந்திரத்தில் ஏற்கெனவே ஏதோ செய்துவைத்திருப்பார்கள் என்ற ஐயத்தில் 510, 1,020 என்று கேட்போர். இயந்திரத்துக்கு எண்ணில் ராசி கிடையாது. 500-ஐப் பதிகிற அதே விரல்தான் 510-ஐயும் பதிகிறது. ஆயினும் கல்யாண வீட்டில் 500-உடன் ஒரு ரூபாய் சேர்த்து 501 என்று மொய் எழுதும் மக்கள், பங்கில் பத்து ரூபாய் சேர்ப்பது தொடர்ச்சியுள்ள பண்பாடே. ஒரு ரூபாய் எப்படிப் பத்து ரூபாயாயிற்று என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் செய்யலாம்.

விடியற்காலையர்: அதிகாலைக் குளிரில் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும், வெயில் ஏறினால் விரிந்து லிட்டருக்கு லிட்டர் நட்டம் என்று ஐந்து மணிக்கே வண்டியை எடுப்போர். பெட்ரோல் ஒரு பாகை வெப்பத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும் என்பது மெய். கந்தகபூமி என்று பேரெடுத்த ஊர் வெயிலில் அந்தப் பயமும் நியாயம். ஆனால் பங்கின் தொட்டி தரைக்கடியில் புதைந்திருக்கிறது. மேலே வெயில் மண்டையைப் பிளந்தாலும் விடியலுக்கும் உச்சிக்கும் இடையில் அங்கே சூடு அசைவதில்லை. விடியற்காலையருக்குக் கிடைக்கும் ஒரே லாபம் வரிசை இல்லாமை. அதையும் பங்குப் பையனை எழுப்பும் நேரம் தின்றுவிடும்.

நள்ளிரவினர்: அழிந்துபோன கிளை. 2017 ஜூன் 16-க்கு முன்பு மாதம் இருமுறை விலை மாறும். 15-ஆம் தேதியும் மாதக்கடைசியும் செய்தியைப் பார்த்துவிட்டு, லிட்டருக்கு ஒன்றேகால் ரூபாய் மிச்சம் பிடிக்க இராத்திரி பத்து மணிக்குக் குடும்பத்தோடு போய் வரிசையில் நிற்பார்கள். வரிசையில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நின்ற பசிக்குத் திரும்பும் வழியில் எண்ணெய்ப் புரோட்டா. மிச்சம் பிடித்த தொகை சால்னாவுக்குக் காணாது. தினந்தோறும் விலை மாறலாம் என்ற ஏற்பாடு வந்து இந்தச் சடங்கை ஒழித்தது. பின்னர் அந்தத் தினசரி விலையே 2022 மே முதல் 2024 மார்ச் வரை பெரும்பாலும் அசையாமல் நின்றது வேறு கதை.

ஒரே பங்கினர்: "அந்தப் பங்குல போட்டா ரெண்டு கிலோமீட்டர் கூடக் குடுக்கும்." பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்குள் சரக்கைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு நெடுநாளாக உண்டு, ஒருவர் கிடங்கில் பிறந்தது இன்னொருவர் பெயர்ப்பலகையின் கீழ் விற்பது சாதாரணம். இதைச் சொன்னால் ஒரே பங்கினர் நம்மை இரக்கத்தோடு பார்ப்பார்கள். சைவ சித்தாந்திக்கு முன்னால் வேதாந்தம் பேசிய அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.

நியூட்ரலில் இறக்குவோர்: மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குத் தெரிகிறதே ஒழிய, இங்கே அன்றாடப் பாதையில் சரிவென்று இருப்பவை மேம்பாலங்கள்தாம். திருத்தங்கல் பாலத்தில் ஏறி, உச்சியில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கீழே வந்து சேரும் வரை முகத்தில் லாபக்களை. கார்பரேட்டர் காலத்துக் காரில் இதில் ஏதோ இருந்தது. இன்றைய கார்களில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமலிருக்கச் சொட்டுச் சொட்டாகப் போகவேண்டும். மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் செலவழிக்கிறார்கள் என்று நிறுவலாம். நிறுவி என்ன பயன்? பாலம் இறங்கியாயிற்று.

மூலச்சான்றுகளின் நிலை

வரலாற்று ஆய்வாளர் கல்வெட்டைத் தேடுவதுபோல் மைலேஜ் ஆய்வாளர் பங்கு ரசீதைத் தேடவேண்டும். இங்கேதான் பேரிழப்பு. ரசீதுத்தாள் வெப்பத்தில் எழுத்துத் தோன்றும் தாள். எந்தச் சூடு எழுத்தைத் தோற்றுவித்ததோ அதே சூடு தாள் முழுவதையும் கறுப்பாக்கவும் வல்லது. டேஷ்போர்டின் மேல், விருதுநகர் வெயிலில், ஒரு சித்திரை மாதம் கிடந்த ரசீது முகம் கறுத்து மௌனமாகிவிடுகிறது. கரையான் அரித்த ஏடுகளுக்காகத் தமிழுலகம் ஒரு நூற்றாண்டு அழுதது. இந்த ஏடுகளுக்கு அழ ஆளில்லை.

மாற்றாக 'டேங்க் டு டேங்க்' நெறி இருக்கிறது. முழுக்க நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, ஓட்டி, மறுபடி முழுக்க நிரப்பி, ஓடியதை ஊற்றியதால் வகுப்பது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதற்கென்றே டைரி வைத்திருப்போர் உண்டு. டைரிக்கு இங்கே பஞ்சமில்லை. அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை இந்த வருஷம் ஆடிப்பெருக்கு அன்றே வெளியிடும் ஊர் சிவகாசி. ஆனால் டைரிகளை ஒப்புநோக்கினால் ஒரு பொதுப்பண்பு புலப்படுகிறது: முதல் பக்கத்தில் மைலேஜ் நன்றாக இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் குறைகிறது, மூன்றாம் பக்கத்தில் பால் கணக்கு தொடங்குகிறது.

மைலேஜ் உரைத்தல்

இனி நூலின் உயிர்நிலை. இதற்கு முந்திய இயல்களைப் படிக்காதவர்களும் இதைப் படிக்கலாம். ஆய்வேட்டை மதிப்பிடுவோர் அப்படித்தானே செய்கிறார்கள்.

நூற்பா: கேட்பார்க்கு ஏற்பக் கிலோமீட்டர் திரியும்.

இதன் கருத்து யாதோவெனின், மைலேஜ் என்பது காரின் குணம் அன்று, கேட்பவரின் குணம் என்பது. 'கேட்பார்க்கு' என்று விதந்தோதினமையின் கேளாதார்க்கும் வலியச் சொல்லப்படும் என்பது பெற்றாம். 'கிலோமீட்டர் திரியும்' என்றாரேனும் லிட்டரும் ஒரோவழித் திரிதல் இலேசினாற் கொள்க. உரையாசிரியர் ஒருவர் ஒரு சொல்லைப் பிழிந்து அதில் இல்லாத நான்கு விதியை எடுத்தால் அது புலமை. பங்குக்காரர் ஒரு லிட்டரில் நாற்பது மில்லியை எடுத்தால் அதற்கு நோட்டீஸ் வருகிறது. நீதி எல்லார்க்கும் ஒன்றன்று.

ஒரு கார், ஒரே நாள், ஒரே டேங்க். சகலை கேட்கிறார்: "அண்ணே, எவ்வளவு குடுக்குது?" சகலைக்குச் சொல்லும் எண்ணே ஒரு கார் எட்டவல்ல உச்சம். ஒரே மாமனாரைப் பங்கிட்டுக்கொண்ட இருவர் வேறெதையும் பங்கிட்டுக்கொள்வதில்லை. "இருபத்துநாலு. ஏ.சி. போட்டு" (பெரிய சகலை, 'என் வண்டி' என்னும் சொற்பொழிவு, நிச்சயதார்த்தப் பந்தி, ரசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட பகுதி). சின்ன சகலை தன் காருக்கு இருபத்துநாலரை சொல்கிறார். இந்த அரையை இடைச்செருகல் என்று ஒதுக்குவாரும் உளர்.

பத்து நிமிடம் கழித்து மச்சினன் வருகிறான். நாளைக்கு நண்பர்களோடு குற்றாலம் போகக் கார் வேண்டும். "பத்துகூடக் குடுக்கல மாப்ள. கிளட்சு வேற ஒரு மாதிரி இழுக்கு" (அதே பெரிய சகலை, அதே பந்தி, கைகழுவும் இடம்). இருபத்துநாலுக்கும் பத்துக்கும் இடையே கார் நின்ற இடத்திலேயே நின்றது.

மாமனார் கேட்டால் பதினெட்டு: கார் வாங்க அவர் கொடுத்தது வீண்போகவில்லை, ஆனால் பெட்ரோலுக்கும் ஏதாவது கொடுத்தால் நல்லது என்ற இரு பொருளும் அந்த எண்ணில் தொனிக்கும். திருச்செந்தூருக்குச் செலவைப் பகிர்ந்துகொண்டு கூட வரும் பக்கத்து வீட்டாருக்குப் பன்னிரண்டு. மனைவியிடம் மைலேஜ் கிலோமீட்டரில் உரைக்கப்படுவதே இல்லை. ரூபாயில், அதுவும் "போன மாசத்தைவிடக் கம்மிதான்" என்ற ஒப்பீட்டு வாய்பாட்டில் மட்டுமே உரைக்கப்படும். போன மாதம் எவ்வளவு என்பது இரு தரப்பாருக்கும் தெரியாது என்று கருதப்படுகிறது. ஒரு தரப்புக்குத் தெரியும் (மதினி, அடுக்களைக் குறிப்புகள், மூன்றாம் பால் கணக்கு நோட்டு, பின்னட்டை).

கார் கன்சல்டிங் கடையில் விற்கப் போனால் இருபத்திரண்டு. அந்தக் கடையில் வாங்கப் போனவருக்கும் அதே கார் இருபத்திரண்டு. விற்றவர் சொன்ன பொய்யைக் கடைக்காரர் ஒரு சல்லியும் கூட்டாமல் குறைக்காமல் கைமாற்றுகிறார். தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் மூலத்துக்கு இத்தனை விசுவாசமாக இருந்தவர் எவரையும் நானறியேன்.

இவற்றையெல்லாம் தொகுத்தால் கிடைக்கும் வாய்பாடு: உரைக்கப்பட்ட மைலேஜ் = ஓடிய மைலேஜ் + கேட்பவர் வைத்திருக்கும் காரின் விலை − அவர் நம் காரை இரவல் கேட்கும் வாய்ப்பு. இதை ஏற்காத பள்ளியொன்றும் உண்டு. அதன் தலைமை ஆசிரியர் கூற்று வருமாறு: "கால் எப்படி வைக்கிறோம்கிறதுலதான் இருக்கு. நான் ஓட்டுனா குடுக்கும், நீ ஓட்டுனா குடுக்காது" (சின்ன மாமா, 'கால் வைப்பு நெறி', அருப்புக்கோட்டைத் திண்ணைப் பதிப்பு. மின்வெட்டின்போது நிகழ்த்தியது, மின்சாரம் வந்து சீரியல் தொடங்கிவிட்டதால் முடிவுரை கிடைத்திலது. இதன் திருந்திய பதிப்பு சாத்தூரில் ஒரு காதுகுத்து வீட்டில் வெளிவந்தபோது பந்தல்காரர் எழுப்பிய ஐயங்களும், அவற்றுக்கு மாமா அளித்த விடைகளும், விடைகளைக் கேட்டுப் பந்தல்காரர் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனதும் பிற்சேர்க்கையாக இணைந்துள்ளன. மாமாவின் மகன் எழுதிய மறுப்புரை அச்சேறவில்லை, சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்).

இக்கட்டுரையில் நான் மேற்கோள் காட்டிய அனைவரும் தத்தம் கட்டுரையில் என்னைத் திருப்பி மேற்கோள் காட்டக் கடமைப்பட்டவர்கள். யார் யாருக்கு எத்தனை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகங்களில் இந்த முறை செம்மையாக நடக்கிறது. நோட்டு மட்டும் வெளியே தெரிவதில்லை.

அச்சிட்ட எண்ணின் அறிவு

ஒரு புதிர் மிஞ்சுகிறது. அச்சிட்ட எண்ணை நம்பக்கூடாது என்பதை இந்தியாவில் எவரினும் நன்கறிந்தவர் சிவகாசிக்காரர். அட்டைப்பெட்டியின் மேல் 500 ரூபாய் என்று அச்சடித்து, 80 சதவீதத் தள்ளுபடி என்று நோட்டீஸும் அடித்து, 100 ரூபாய்க்கு விற்பது அவர் ஊர்க் கடைத்தெருவின் நடைமுறை. அந்த 500 விலை அன்று. விலைக்கு முன்னால் போடும் கோலம். அதே மனிதர் கார் ஷோரூமில் 25 என்ற எண்ணைக் கண்டதும் கண் கலங்குவதேன்? தன் ஊர் வழக்கப்படி 80 சதவீதம் தள்ளியிருக்கவேண்டாமா? தள்ளினால் 5 வரும். அது பாரம் ஏற்றிய லாரிக்கு உரிய எண் என்பதால் இங்கே தள்ளுபடியின் அளவு குறைவென்று கொள்ளலாம். நாலில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்வது அறிவுடைமை. இது என் கருத்து, எந்த மாமாவும் பொறுப்பல்லர்.

இடைச்செருகல்

பழந்தமிழ் நூல்களில் எது மூலம், எது பிற்சேர்க்கை என்று தீராத வழக்கு நடக்கையில், பெட்ரோலில் மட்டும் இடைச்செருகலின் அளவை அரசே அறிவித்துவிட்டது: 20 சதவீதம். எத்தனால் கலந்த இந்த இ20 பெட்ரோல் 2025-இல் நாடெங்கும் வந்துசேர்ந்தது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வடிவமைப்பில் வந்து 10 சதவீதக் கலப்புக்குப் பொருத்தப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது.

இதனால் மைலேஜ் உரைத்தலில் புதுயுகம் பிறந்தது. இருபத்துநாலு என்று பல்லாண்டாகச் சொல்லிவந்தவர்கள் இப்போது பதினாறு என்ற உண்மையைச் சொல்லிவிட்டு, பழியை எத்தனால் மேல் போட்டுவிடலாம். இருபத்துநாலில் 7 சதவீதம் போனால் இருபத்திரண்டுக்குமேல் நிற்கவேண்டுமே என்று கேட்கக்கூடாது. இடைவெளியில் தொலைந்த ஆறு கிலோமீட்டர் முன்பும் இருந்ததில்லை.

சென்னையிலிருந்து வருவோர்

பிற்சேர்க்கையாக ஒரு யாத்திரை. தீபாவளிக்கு முன்பு, "சிவகாசியில நேரா வாங்குனா பாதி விலை" என்று சென்னையிலிருந்து காரில் வருவோர் ஓர் இனம். ஒருவழி ஏறத்தாழ 530 கிலோமீட்டர், போகவர 1,060. லிட்டருக்குப் பதினாறு என்று வைத்தால் 66 லிட்டர்; லிட்டர் 100 ரூபாய் என்று கையடக்கமாகக் கணக்கிட்டாலும் 6,600 ரூபாய். கப்பலூர் உட்பட வழிநெடுகச் சுங்கம் தனி. சென்னையில் 8,000 ஆகும் பட்டாசை இங்கே 4,000-க்கு வாங்குகிறார்கள் என்றே கொள்வோம்.

மிச்சம் 4,000, செலவு 6,600. இக்கணக்கை ஒருவரிடம் காட்டியபோது கிடைத்த விடை: "பெட்ரோல ஏன் இதுல சேக்குறீங்க? வண்டி வீட்ல சும்மாதான நிக்கும்" (சென்னைச் சித்தப்பா, பட்டாசுக்கடை வாசல், பில் போடும் வரிசை, இதே கருத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடையில் வழிமொழிந்தார், சாத்தூர்ச் சேவுக்கடையில் விரித்துரைத்தார், இருக்கன்குடி மாரியம்மன் சன்னதியில் கண்மூடி மௌனமாக வலியுறுத்தினார், விருதுநகரில் புரோட்டா எண்ணெயில் பொரிந்து வரும்வரை மறு ஆய்வு செய்து, வந்ததும் கைவிட்டார்). பொருளியலில் இதற்கு இணையான கோட்பாடு இல்லை. பால்கோவா இரண்டு கிலோ கூடுதலாக வாங்கியதால் திரும்பும்போது மைலேஜ் குறைந்தது என்றும் அவர் தெரிவித்தார்.

முடிபு

ஆய்வேட்டின் முடிவில் 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதவேண்டும். தேவையில்லை. மைலேஜ் கூட மாமாக்கள் சொன்ன வழிகளில் பாதி பலிக்காது. பலிக்கக்கூடிய ஒன்றை எந்த மாமாவும் சொல்லவில்லை: டயரில் காற்றுக் குறைந்தால் உருள்வதற்கு எஞ்சின் கூடுதலாக உழைக்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். எவ்வளவு காற்று வேண்டுமென்று டிரைவர் பக்கத்துக் கதவை ஒட்டிய சட்டத்திலோ கதவிலோ ஒட்டியிருக்கிறது. பங்கின் அளவில் ஐயம் இருந்தால் 510-க்குப் போடவேண்டாம். அங்கே முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கேன் இருக்கும், கேட்டால் அளந்து காட்டவேண்டும், 25 மில்லிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. டயருக்குக் காற்று அடிக்கப் பங்கில் காசு வாங்கக் கூடாது.